படிப்பு அவர்களைக் காப்பாற்றியதா?

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புச் சகோதரர்களே, கடையை அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

காலை அமர்வு முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். பொறியியல் இறுதியாண்டு மாணவர். "படி, படி என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். பெயரைக் கேட்டதுமே சந்தேகப்படுகிறவனிடம் பட்டத்தைக் காட்டி என்ன பயன்?" என்று கேட்டார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமென்ன தம்பி?" என்று அவரைச் சமாதானப்படுத்தினார்.

இருவருக்கும் நான் அங்கே பதில் சொல்லவில்லை. எனக்குத் தரப்பட்ட தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இப்போது ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இது நம்முடைய வரலாறு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இருந்த ஜப்பானியப் பேராசிரியர்கள், மாணவர்களின் வரலாறு. அவர்களுக்குப் படிப்பில் குறைவில்லை. மடியில் கனமும் இல்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. பத்தே வாரங்களில், 1942 பிப்ரவரி 19 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள உத்தரவில் கையெழுத்திட்டார். அந்த உத்தரவில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. இராணுவம் குறிக்கும் பகுதியிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று பொதுவாகச் சொன்னது. நடைமுறையில் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டவர்கள் யார்? மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள்! ஜெர்மானியரிலும் இத்தாலியரிலும் சிலர் தனித்தனியாகக் கைதானார்கள். ஒரு சமுதாயமே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது ஜப்பானியர் மட்டும்தான். பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் பத்து முகாம்கள், முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்.

குற்றச்சாட்டு என்ன? நாசவேலை செய்வார்கள் என்பது. செய்தார்களா? இல்லை. இங்கேதான் பெரியவரின் பழமொழிக்கு விடை இருக்கிறது. மேற்குக் கரைக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் டிவிட், வெளியேற்றத்தைப் பரிந்துரைத்தபோது, இதுவரை எந்த நாசவேலையும் நடக்கவில்லை என்பதே இனி நடக்கும் என்பதற்கு அறிகுறி என்று எழுதினார். குற்றம் செய்தால் குற்றவாளி. செய்யாவிட்டால், பதுங்கியிருக்கும் குற்றவாளி! மடியை உதறிக் காட்டினால், கனத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்பவனிடம் என்ன சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். தாக்கப்பட்ட ஹவாயில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே இந்த மொத்த வெளியேற்றம் நடக்கவில்லை. அவர்களை அப்புறப்படுத்தினால் தீவின் தொழிலும் தோட்டங்களும் நின்றுவிடும். கலிபோர்னியாவிலோ ஜப்பானிய விவசாயியின் காய்கறி, வெள்ளை விவசாயிக்குச் சந்தையில் போட்டி. எங்கே ஆபத்து தெரிந்தது, எங்கே தெரியவில்லை என்பது வணிகர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரு மளிகைக் கடைக்காரர், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாளே, 'நான் ஓர் அமெரிக்கன்' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதிக் கடை முகப்பில் மாட்டினார். டோரோதியா லாங் எடுத்த அந்தப் புகைப்படம் இன்று உலகப் புகழ் பெற்றது. கடைக்காரர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்பது பலருக்குத் தெரியாது. பலகையும் காப்பாற்றவில்லை, பட்டமும் காப்பாற்றவில்லை. அவரும் முகாமுக்குப் போனார்.

இனிப் பேராசிரியர்களிடம் வருவோம்.

ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் யமாத்தோ இச்சிஹாஷி என்றொரு வரலாற்றுப் பேராசிரியர். இளம் வயதிலேயே ஜப்பானிலிருந்து வந்தவர். அங்கேயே படித்து, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, 1913 முதல் ஸ்டான்ஃபோர்டில் கற்பித்தவர். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரைப் பற்றி 1932-இல் அவர் எழுதிய நூல், அந்தத் துறையில் நெடுங்காலம் ஆதார நூலாக இருந்தது. அமெரிக்கருக்கு ஜப்பானையும், அமெரிக்காவில் வாழும் ஜப்பானியரையும் எடுத்துச் சொல்வதே தம் பணி என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தவர். 1942 மே மாதம், 64 வயதில், மனைவியோடு வெளியேற்றப்பட்டார். இறக்கிவிடப்பட்ட இடம் சாண்டா அனிதா குதிரைப் பந்தய மைதானம்! அங்கே ஒரு கட்டத்தில் 18,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். பல குடும்பங்கள் குதிரை லாயத்திலேயே குடியிருந்தன. அரசு அதற்கு இட்ட பெயர் 'கூடுமிடம்'. அடைக்கப்பட்டவர்களுக்கு 'அப்புறப்படுத்தப்பட்டோர்' என்று பெயர், ஏதோ வெள்ளத்திலிருந்து மீட்டெடுத்ததுபோல.

அங்கிருந்து டூலி லேக் முகாம், பிறகு கொலராடோவில் அமாச்சி முகாம் என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன. முகாமில் அவர் சும்மா இருக்கவில்லை. நாட்குறிப்பு எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் தம் சக பேராசிரியராக இருந்த பேசன் டிரீட் தம்பதியருக்கு விரிவாகக் கடிதங்கள் எழுதினார். சோறு, தூசி, சண்டை, அதிகாரிகளின் போக்கு, எல்லாவற்றையும் பதிவு செய்தார். சம்பவத்தை ஆராய வேண்டிய வரலாற்றாசிரியரே சம்பவத்துக்குள் சிக்கிக்கொண்டார். 1945-இல் வளாகத்து வீட்டுக்குத் திரும்பியபோது அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மீண்டும் வகுப்பறையில் நிற்கும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. 1963-இல் காலமானார். முகாம் எழுத்துக்கள் நூலாக வெளிவந்தது 1997-இல்.

"முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் ஏன் குடியுரிமை வாங்கவில்லை?" என்று கேட்கத் தோன்றும். வாங்க முடியாது, சகோதரர்களே! தக்காவோ ஒசாவா என்பவர் பெர்க்லியில் படித்தவர். இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டுக் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். நீ வெள்ளையன் அல்ல, உனக்குத் தகுதி இல்லை என்று 1922-இல் தீர்ப்பு வந்தது. ஜப்பானில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1952-இல்தான். முதலில் குடிமகனாக ஆகவிடமாட்டார்கள். பிறகு, நீ குடிமகன் அல்லவே, எதிரி நாட்டானாயிற்றே என்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள். அவர்களையும் சேர்த்தே பேருந்தில் ஏற்றினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெர்க்லியில் ஓவியப் பேராசிரியராக இருந்தவர் சியுரா ஒபாட்டா. 1903-இல் சான்பிரான்சிஸ்கோ வந்தவர், 1932 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். டெலிகிராப் அவென்யூ என்ற கடைவீதியில் குடும்பத்துக்கு ஒரு கலைப்பொருள் கடையும் இருந்தது. போர் தொடங்கியதும் அந்தக் கடையை நோக்கி யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். கடையை மூடினார். வெளியேறும் உத்தரவு வந்தபோது ஊரெங்கும் ஜப்பானியர் வீட்டுச் சாமான்கள் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒபாட்டாவும் தம் ஓவியங்களை விற்றார். அந்தப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? போரினால் மிகவும் பாதிக்கப்பட்ட ஒரு மாணவருக்கு, எந்த இனத்தவராயினும் சரி, உதவித் தொகையாகக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். தம் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போகும் நேரத்தில்! நம் வணிகப் பெருமக்கள் இதை ஒரு கணம் மனத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஸ்புரோல், ஒபாட்டாவின் ஓவியங்கள் சிலவற்றைத் தம் வீட்டில் வைத்துப் பாதுகாத்தார். ஒபாட்டாவையோ அவரால் பாதுகாக்க முடியவில்லை. டான்ஃபோரான் என்ற இன்னொரு பந்தய மைதானத்துக்கு ஒபாட்டா போனார். போன சில வாரங்களிலேயே அங்கே ஒரு ஓவியப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்! குழந்தைகள் முதல் முதியவர் வரை 600-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். பின்னர் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் டோபாஸ் முகாமுக்கு அனுப்பியபோது அங்கேயும் ஒரு பள்ளி. ஆனால் அங்கே ஒரு துயரமும் நடந்தது. நிர்வாகத்தோடு ஒத்துப்போகிறவர், காட்டிக் கொடுப்பவர் என்று சந்தேகித்த சொந்த இனத்தவர் ஒருவர் 1943-இல் அவரைத் தாக்கினார். வெளியே அரசு சந்தேகிக்கிறது, உள்ளே சொந்த மக்கள் சந்தேகிக்கிறார்கள். நெருக்கி அடைக்கப்பட்ட எந்தச் சமுதாயத்திலும் இந்த இரண்டாவது சந்தேகம் வளரும். முதலாவதைவிட இதுவே ஆழமாக வெட்டும் என்பது என் கருத்து. ஒபாட்டா முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு செயின்ட் லூயிஸ் போனார். 1945-இல் பெர்க்லி அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. 1954-இல் ஓய்வு பெற்றார், அதே ஆண்டில் குடியுரிமையும் கிடைத்தது.

அவர் மகன் கியோ ஒபாட்டா அப்போது பெர்க்லியில் கட்டடக் கலை மாணவர். குடும்பம் முகாமுக்குப் போவதற்கு முந்தைய இரவு ரயிலேறினார். செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. நம்மில் ரியாத் போய் வந்த சகோதரர்கள் எத்தனையோ பேர். அங்கே 1983-இல் திறக்கப்பட்ட மன்னர் காலித் விமான நிலையத்தை வடிவமைத்தது இந்த இளைஞர் பின்னாளில் கூட்டாளிகளோடு தொடங்கிய நிறுவனம்தான். ஒரு கல்லூரி கொடுத்த ஓர் இடம், ஒரு ரயில் சீட்டு!

கிழக்குக் கரையில் நிலைமை வேறு. அங்கே மொத்த வெளியேற்றம் இல்லை, தனி மனிதர்களைப் பிடித்தார்கள். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியமும் தத்துவமும் கற்பித்த ரியூசாக்கு சுனோடா என்ற முதியவரைக் கைது செய்தார்கள். நாயைக் கூட்டிக்கொள்ளாமல் நெடுந்தூரம் நடந்து போகிறார், உளவு பார்க்கத்தான் இருக்கும் என்று அவர்மீது புகார் வந்ததாக அவருடைய மாணவர் டொனால்ட் கீன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிரிப்பு வருகிறதல்லவா? உள்ளே இருந்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. விசாரணைக்குப் பின் 1942-இல் விடுதலையாகி மீண்டும் வகுப்புக்குத் திரும்பினார். இன்று ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கிலத்தில் படிக்கும் உலகம், இந்த ஆசிரியருக்கும் அவர் மாணவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

அரசின் முரண்பாட்டைக் கேளுங்கள். போருக்கு ஜப்பானிய மொழி தெரிந்த அதிகாரிகள் தேவை. கடற்படை பெர்க்லியில் ஒரு மொழிப் பள்ளி நடத்திக் கொண்டிருந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். வெளியேற்ற உத்தரவு அந்த ஆசிரியர்களுக்கும் பொருந்துமே! என்ன செய்வது? ஆசிரியர்களை விடவும் முடியாது, உத்தரவை விடவும் மனமில்லை. பள்ளிக்கூடத்தையே 1942-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இராணுவத்தின் மொழிப் பள்ளியும் அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மினசோட்டாவுக்கு இடம் பெயர்ந்தது. முள்வேலிக்குள் இருந்தவர்களையே தேடிப் பிடித்து ஆசிரியராக்கினார்கள். நம்பிக்கை இல்லாதவனிடமிருந்து கல்வி மட்டும் வேண்டுமாம்!

மாணவர்கள் நிலை என்ன? ஹார்வி இட்டானோ என்ற இளைஞர் 1942-இல் பெர்க்லியின் முதல் மாணவர். தங்கப் பதக்கத்துக்குத் தேர்வானவர். பட்டமளிப்பு நாளில் அவர் முகாமில் இருந்தார். இவர் இன்று இங்கே இருக்க இயலாது, இவருடைய நாடு இவரை வேறோர் இடத்துக்கு அழைத்திருக்கிறது என்ற பொருளில் தலைவர் ஸ்புரோல் மேடையில் அறிவித்தார். நயமான சொற்கள்தான். பதக்கம் பெற்றவர் கம்பிக்குள் இருந்தார்.

எல்லாப் பல்கலைக்கழகத் தலைவர்களும் ஸ்புரோல் அளவுக்குக்கூட இல்லை. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், வேறு கல்லூரிகளில் சேர முயன்ற தன் ஜப்பானிய வம்சாவளி மாணவர்களுக்கு மதிப்பெண் சான்றிதழ்களைக் கொடுக்கவே மறுத்தது. படித்து முடித்த பாடத்துக்கான தாள், சகோதரர்களே! அந்த நிறுவனம் அதற்காக மன்னிப்புக் கேட்டு, அந்த மாணவர்களுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது 2022-இல். எண்பது ஆண்டுகள்! வாங்கிக்கொள்ள ஆளில்லை, வாரிசுகள் வந்து வாங்கினார்கள். இன்னும் பல கல்லூரிகள், இராணுவ ஆராய்ச்சி நடக்கிறது, ஊர் மக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று காரணம் சொல்லிக் கதவை அடைத்தன.

அப்போது முன்வந்தவர்கள் குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவினரும், மனசாட்சியுள்ள சில கல்வியாளர்களும். 1942 மே மாதம் மாணவர் இடமாற்றத்துக்கென ஒரு குழு அமைத்தார்கள். கல்லூரி கல்லூரியாகக் கடிதம் எழுதினார்கள், இராணுவத்திடம் அனுமதி வாங்கினார்கள், பணம் திரட்டினார்கள். போர் முடிவதற்குள் 4,000 மாணவர்கள் அளவில் முகாமிலிருந்து உள்நாட்டுக் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இட்டானோ செயின்ட் லூயிஸில் மருத்துவம் படித்தார். பின்னர் லைனஸ் பாலிங்கின் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்து, அரிவாள் செல் இரத்தசோகை என்ற நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள குறையே என்று நிறுவிய 1949-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரானார். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை அது.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒருவர். கோர்டன் ஹிராபயாஷி, சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர், குவேக்கர். இரவு 8 மணிக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர் வெளியே நடமாடக் கூடாது என்று ஊரடங்கு. ஒவ்வொரு நாளும் நூலகத்திலிருந்து விடுதிக்கு ஓடுவார். ஒரு நாள் ஓடிக் கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். என் அறை நண்பர்கள் உள்ளே படித்துக் கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் ஓட வேண்டும்? திரும்பி நூலகத்துக்கே நடந்தார். 1942 மே மாதம், முகாமுக்குப் போக மறுத்து, காரணங்களை எழுதி எடுத்துக்கொண்டு எப்.பி.ஐ. அலுவலகத்தில் தாமே ஆஜரானார்.

உச்ச நீதிமன்றம் 1943-இல் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரிசோனாவில் உள்ள சிறைக்குப் போக வேண்டும், பயணச் செலவு தரமாட்டோம் என்றார்கள். வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறியே சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்! அங்கிருந்த அதிகாரி, உன் காகிதம் எதுவும் இங்கே இல்லை, வீட்டுக்குப் போ என்றார். பிறகு கண்டுபிடித்தால் மறுபடி நான் வர வேண்டுமே, தேடிப் பாருங்கள் என்றார் இவர். அப்படியானால் போய் ஒரு சினிமா பார்த்துவிட்டு வா என்றார் அதிகாரி. திரும்பி வந்தபோது காகிதம் கிடைத்திருந்தது. தண்டனையை முடித்துவிட்டு வெளியே வந்து, சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் கற்பித்த இடங்கள் எவை தெரியுமா? பெய்ரூத், கெய்ரோ, பிறகு கனடா.

வழக்கு முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது. முடித்துவிடாமல் வைத்தவர் ஒரு பெண்மணி. ஐக்கோ ஹெர்ஸிக்-யோஷினாகா. முகாமில் இளமையைக் கழித்தவர், பின்னர் குமாஸ்தா வேலை பார்த்தவர், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாள்தோறும் போய், முகாம் பற்றிய அரசுக் காகிதங்களை ஆண்டுக் கணக்கில் படித்தார். ஊதியம் எதுவும் இல்லாமல் தொடங்கிய வேலை. 1982-இல் ஒரு மேசைமேல் இருந்த கட்டைப் புரட்டினார். ஜெனரல் டிவிட்டின் இறுதி அறிக்கையின் முதல் வடிவம் அது! விசுவாசமானவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்தறிய நேரமில்லை, அதனால்தான் எல்லோரையும் வெளியேற்றினோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. முதல் வடிவத்தில் ஜெனரல் எழுதியதோ வேறு: நேரம் ஒரு பிரச்சினையே அல்ல, இந்த இனத்தவரைப் பிரித்தறியவே முடியாது. அது வெளியே வந்தால் வழக்கு நிற்காது என்று, அறிக்கையைத் திருத்தி அச்சடித்து, பழைய பிரதிகளை எரித்திருந்தார்கள். எரியாமல் தப்பிய ஒரு பிரதி அந்த அம்மையாரின் கைக்கு வந்தது.

அதையும், பேராசிரியர் பீட்டர் ஐயன்ஸ் கண்டெடுத்த வேறு ஆவணங்களையும் வைத்து வழக்குகள் மறுபடி திறக்கப்பட்டன. 1987-இல் ஹிராபயாஷியின் தண்டனைகள் முழுவதுமாக நீக்கப்பட்டன. 1988-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டது, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. அந்தச் சமுதாயத்திலேயே எதிர்த்தவர்களும் உண்டு. மொழியியல் பேராசிரியராக இருந்து செனட்டரான ஹயகாவா, இழப்பீடு கேட்பதே தவறு என்றார். அவர் போர்க் காலத்தில் சிகாகோவில் இருந்தவர், முகாமில் அடைக்கப்பட்டவர் அல்லர்.

2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்க முஸ்லிம்கள்மீது சந்தேகம் பாய்ந்தபோது முதலில் வந்து பக்கத்தில் நின்றவர்களில் இந்த ஜப்பானிய வம்சாவளியினர் உண்டு. பத்து வயதில் முகாமுக்குப் போன நார்மன் மினெட்டா அப்போது போக்குவரத்து அமைச்சர். இனத்தையும் மதத்தையும் பார்த்துப் பயணிகளைத் தடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். முஸ்லிம் நாடுகள் சிலவற்றின் மக்கள் உள்ளே வரத் தடை விதித்த அதிபர் டிரம்பின் உத்தரவு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, ஹிராபயாஷியின் மகனும், அவரைப்போலவே அன்று வழக்காடிய கொரெமாட்சு, யாசுயி ஆகியோரின் மகள்களும் தடைக்கு எதிராக மனுக் கொடுத்தார்கள். 2018 ஜூன் 26 அன்று தீர்ப்பு வந்தது. கொரெமாட்சு வழக்கில் 1944-இல் அளித்த தீர்ப்பு தவறு என்று நீதிமன்றம் அன்று ஒப்புக்கொண்டது. அதே தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தடையையும் செல்லும் என்றது. அந்தத் தடை 2021-இல் அடுத்த அதிபரால்தான் நீங்கியது.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பட்டத்தைக் காட்டி அவர்கள் யாரும் தப்பவில்லை. உங்களிடம் அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் முகாமின் கதை நமக்கு எப்படித் தெரிந்தது? இச்சிஹாஷி எழுதி வைத்தார். வழக்கு எப்படித் திறந்தது? ஐக்கோ அம்மையார் படித்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 1942-இல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்பு மாணவி. உங்கள் ஆட்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள், உங்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் கிடையாது என்று தலைமையாசிரியர் ஜப்பானிய வம்சாவளி மாணவர்களை அழைத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சான்றிதழை அவர் கையில் கொடுத்தது 1989-இல்.